வெள்ளைக்காரம்மா பார்க்கிற பக்கம்

துடைத்த இடத்தில் சிவப்பு அதிகமாகியிருந்தது.

சிவபிரகாஷ் ஈரத்துணியைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பொம்மையின் கன்னத்தில் மயிரிழை போன்ற கோடுகள். ஐந்து நிமிடத்துக்கு முன் அவை கண்ணில் படவில்லை. இப்போது ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் குங்குமம் இறங்கியிருந்தது.

“நரம்பு மாதிரி இருக்குதுங்க,” என்றாள் மதுமதி. அவர் மனைவி. கையில் முறத்தோடு நின்றிருந்தாள்.

“பொம்மைக்கு ஏது நரம்பு?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

பொம்மை சாப்பாட்டு மேசை மேல் நின்றது. ஒரு முழ உயரம். பழைய பீங்கான். நீலக் கவுன், கையில் பூக்கூடை, கொண்டை போட்ட தலை. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், டென்மார்க்கிலிருந்து பனியன் வாங்க வந்த ஒரு பையர், முதல் ஆர்டர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியில் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்து முதலாளி சண்முகவேலிடம் கொடுத்தது. அதை எங்கே வைப்பது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. தன் அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே வைத்த பிறகு பொட்டு வைக்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்கு உண்டானது எல்லாம் அவளுக்கும் உண்டு. சந்தனம், குங்குமம், சாம்பிராணி. பேக்கிங் முடிந்த முதல் பீஸை அவள் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் கன்டெய்னர் கிளம்பும். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் வெள்ளைக்காரம்மா.

அந்தப் பையர் இறந்துவிட்டார். மகள் ஹன்னா சனிக்கிழமை வருகிறாள். ஆர்டரை பங்களாதேஷுக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவள். வரும்போது அப்பா கொடுத்த பொம்மையைப் பார்க்க வேண்டும் என்று மெயிலில் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை மாலை முதலாளி சிவபிரகாஷைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“முப்பத்திரண்டு வருசக் குங்குமம். எடுத்துரு.”

“எடுத்தர்றனுங்க.”

“ஊட்டுக்குக் கொண்டுபோயி வெச்சுப் பண்ணு. இங்கே கழுவினா சனம் பாக்கும். பழசு பழசாத் தெரியோணும். குங்குமம் மட்டும் போகோணும். தலை பத்தரம்.”

“சரிங்க.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்.”

சிவபிரகாஷ் ஃபினிஷிங் இன்சார்ஜ். கறை எடுப்பதில் இருபது வருட அனுபவம். மெஷின் எண்ணெய், பேனா மை, வெற்றிலை, ஊசி ஏறிய விரலின் ரத்தம். அவர் எடுக்காத கறை இல்லை. வயது நாற்பத்தேழு. இந்த வயதில் வேறு கம்பெனி வாசலில் போய் நின்றால் வாட்ச்மேன் வேலைக்கா என்று கேட்பார்கள்.

முப்பத்திரண்டு வருடக் குங்குமத்துக்குப் பொம்மை மேல் இருந்தது குறைவு என்று அவருக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பதினோரு வருடமாக அந்த அறைக்குப் போய்வருகிறார். வெள்ளைக்காரம்மாவின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. திட்டு வாங்கப் போகிறவர்கள் தரையைத்தான் பார்ப்பார்கள்.

அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு செக்கிங் மேசைகளைத் தாண்டும்போது சென்னம்மாள் எழுந்து எட்டிப் பார்த்தாள். இருபது வருடமாக செக்கிங்கில் இருப்பவள்.

“அம்மா எங்கீங்க கெளம்பிட்டாங்க?”

“சர்வீசுக்கு.”

“நல்லாப் பாத்துக் குடுங்க. ஒரு வருசமா அம்மா மொகமே சரியில்லீங்க. முந்தியெல்லாம் எடது பக்கம் சன்னலப் பாத்துட்டு நிப்பாங்க. இப்ப நேரா நம்மளப் பாக்கறாங்க.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“உனக்கு சோல்டர் அளவே ரெண்டு சென்டிமீட்டர் தப்பும். நீ அம்மா கண்ணப் பாத்தியாக்கும்,” என்றாள் ஒருத்தி.

“அளவுல தப்பு வரும். பார்வையில வராது,” என்று சொல்லிவிட்டு சென்னம்மாள் உட்கார்ந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை சிவபிரகாஷ் கறை எடுக்கும் ஸ்பிரே கன்னைக் கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மருந்தை ஊற்றி, பிளக்கில் சொருகி, குறிபார்த்து அடித்தால் துணிக்குள் இறங்கிய எண்ணெயும் ஓடிவிடும்.

துணியில் எந்த மருந்தையும் முதலில் உள்தையலில் அடித்துச் சோதிப்பது வழக்கம். பொம்மைக்கு உள்தையல் இல்லை. தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தில் அடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. திருப்தியாக நிமிர்த்தி வைத்து முகத்தில் அடித்தார்.

நெற்றிக் குங்குமம் போனது. மூக்கோரச் சந்தனம் போனது. இடது கண் போனது.

விழி, இமை, புருவம் மூன்றும் நீலமாக வழிந்து தாடையில் ஒரு சொட்டாக நின்றது.

சோதித்தது சரிதான். ஆனால் அடிப்பாகத்தில் கண் இல்லை.

மதுமதி வந்து பார்த்தாள்.

“ரெண்டு கண்ணால பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு,” என்றாள். “இப்ப ஒத்தக் கண்ணால ரெண்டு பேர் பாக்கற மாதிரிப் பாக்குது.”

“நீ போயி சோத்தப் பாரு.”

“சோறு நான் பாத்துக்குவேன். என்னைய யாரு பாத்துக்கறது?”

அவள் நகர்ந்தாள். சமையலறை வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு கண் இல்லாத பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் நடமாட்டம் முழுக்க அந்தப் பக்கமாகவே இருந்தது.

கோடுகளுக்குள் இறங்கிய சிவப்பு அப்படியே இருந்தது. கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சிவப்பு. துணியென்றால் என்ன செய்வோம் என்று யோசித்தார். துணியென்றால் ப்ளீச்சிங்.

புதன்கிழமை சாயங்காலம் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டிலிருந்து ஒரு கேனில் பெராக்சைடு வந்தது. குளியலறையில் பெரிய வாளி. வெந்நீர். துணிக்குப் போடுகிற மற்ற சரக்குகளும் அதே அளவில். பொம்மையைக் கழுத்துவரை இறக்கினார். முகத்திலும் கோடு இருப்பது நினைவு வந்தது. முழுக்க இறக்கினார். தண்ணீருக்குள்ளிருந்து சின்னச்சின்னக் குமிழிகள் வந்தன. மூக்கு இருக்கும் இடத்திலிருந்து வருவது போல இருந்தது. வாளியை மூடி வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் குளியலறையிலிருந்து மதுமதியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை.

“ஏனுங்க. கொஞ்சம் வாங்க.”

போனார். வாளி மூடி அவள் கையில் இருந்தது. தண்ணீருக்கு அடியில் பூக்கூடையோடு உடம்பு நின்றது. தலை தனியாகப் பக்கத்தில் கிடந்தது. மல்லாந்து. வெள்ளை வெளேரென்று. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு.

சிவப்பு துளிகூட இல்லை.

“கறை போயிருச்சு,” என்றாள் மதுமதி.

சிவபிரகாஷ் தலையை எடுத்தார். கழுத்து வெட்டில் மஞ்சளாகப் பழைய பசை பிசுபிசுத்தது. யாரோ எப்போதோ ஒட்டியிருக்கிறார்கள். வெந்நீரில் இளகிவிட்டது.

“உங்ககிட்டக் குடுக்கறப்பத் தலையோட குடுத்தாங்களா?”

“தலையோடதான்.”

“எழுதி வாங்கினாங்களா?”

“இல்ல.”

“அப்பப் பரவால்ல,” என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

*

அன்று கம்பெனிக்கு லீவு சொன்னார். உடம்பையும் தலையையும் சன்னலோரம் வெயிலில் காயவைத்தார். தலைக்குக் கீழே ஒரு டம்ளர். இல்லாவிட்டால் உருண்டது. பகலெல்லாம் டம்ளர் மேல் தலை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் துணி காயப்போட வந்த பெண் ஒருமுறை பார்த்தாள். பாதித் துணியோடு உள்ளே போய்விட்டாள்.

பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் சத்தம் ஆரம்பித்தது.

டிங்.

வெள்ளிக் கொலுசில் ஒரே ஒரு முத்து உதிர்ந்த மாதிரி. இருவரும் நிமிர்ந்தார்கள்.

“பூச்சு விரிசல் விடற சத்தம்,” என்றார் சிவபிரகாஷ். “சூடு பட்டு ஆறினா அப்படித்தான். பழைய பீங்கான்.”

டிங்.

“ஆமான்னு சொல்லுதுங்க,” என்றாள் மதுமதி.

செல்போன் அடித்தது. முதலாளி.

“எப்படிப்பா இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க.”

டிங்.

“என்ன சத்தம் அது?”

“குக்கருங்க.”

“தலை பத்தரமா இருக்குதல்லோ?”

சிவபிரகாஷ் டம்ளரைப் பார்த்தார். “தனியா எடுத்துப் பத்தரமா வெச்சிருக்கறனுங்க,” என்று வாய்வரை வந்தது. “பத்தரமுங்க,” என்று முடித்துக்கொண்டார்.

டிங்.

போனை வைத்துவிட்டு விளக்கைப் போட்டார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். மேலுதட்டில் வெள்ளையாக ஏதோ இருந்தது. தாடையிலும். கிட்டே போய்ப் பார்த்தார். பூனைமுடி போல மெல்லிசாக முளைத்திருந்தது. விரலால் துடைத்தார். உதிர்ந்தது. உப்பு. விரிசலுக்குள் குடித்த மருந்து காய்ந்து வெளியே பூக்கிறது. சரியாக அலசாத துணியிலும் இப்படிப் பூக்கும். ஆனால் துணிக்கு மீசை வராது.

சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோது மறுபடி முளைத்திருந்தது.

மதுமதி ஒரு ரிஜெக்ட் பனியனை எடுத்துத் தலைமேல் போட்டு மூடினாள். மூன்று பக்கமும் சொருகினாள்.

பனியனுக்குள்ளிருந்து டிங் என்றது.

“சனிக்கிழமை இது இந்த ஊட்டுல இருந்துச்சுன்னா,” என்றாள், “நான் இருக்க மாட்டேன். யாரு வேணும்னு நீங்களே பாத்துக்கங்க.”

“சனிக்கிழமை இது சரியில்லீன்னா எனக்கு வேலை இருக்காது.”

“வேலை இல்லாம ஊட்டுல இருந்தாலும் இது நம்மளப் பாத்துட்டேதான இருக்கும்?”

சிவபிரகாஷ் எழுந்து விளக்கை அணைத்தார்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே கம்பெனி டிரைவர் கன்னையன் வந்து நின்றான். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அம்மா வேண்டும், வேலை முடிந்ததா என்று முதலாளி பார்த்துவரச் சொன்னாராம்.

மறைக்க நேரமில்லை. உடம்பு சன்னலில் நின்றது. மேசையில் டம்ளர். டம்ளர் மேல் பனியன். கன்னையன் உடம்பைப் பார்த்தான். பனியனைப் பார்த்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

“உள்ள வா.”

“வேண்டாமுங்க.”

“கன்னையா, மொதலாளிகிட்டச் சொல்லீராத.”

“நான் எதுக்குங்க சொல்றேன்? நான் எதையுமே சொன்னதில்லீங்க.”

“இந்த மாதிரி பொம்மை வேற எங்கயாச்சும் கெடைக்குமா?”

“கொச்சியில பழைய சாமான் தெரு இருக்குதுங்க. ரெண்டு நாள் கடை கடையா ஏறி எறங்கினாக் கெடைக்குமுங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“டிரைவருக்கு எல்லா ஊரும் தெரியுமுங்க.”

இரண்டு நாள் இல்லை. நாளை பதினோரு மணிக்கு ஹன்னா வருகிறாள்.

கன்னையன் தலையைச் சொறிந்தான். “திருமுருகன்பூண்டியில வீரணன்னு ஒரு சிற்பி இருக்கறாருங்க. கழுத்து சோலி நல்லாப் பண்ணுவாரு.”

“கழுத்து சோலியா?”

“பொதுவாச் சொன்னனுங்க,” என்றான் கன்னையன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

வீரணனின் பட்டறை சாலையோரம் இருந்தது. உளிச்சத்தம். வெள்ளைத் தூசி. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சாமிகள். பிள்ளையார், அம்மன், நந்தி, மறுபடி பிள்ளையார். எல்லாம் முடிந்தவை போலத் தெரிந்தன. ஆனால் எதற்கும் கண் திறக்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான கல். சிவபிரகாஷுக்கு முதல்முறையாக அது ஆறுதலாக இருந்தது. நாலு நாளாக யாரும் பார்க்காத இடம் இதுதான்.

வீரணன் அட்டைப்பெட்டியைத் திறந்தார். தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பட்டறையின் உட்பக்கம் திரும்பி எதையோ பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

“இது எந்தூருங்க?”

“வெளிநாடு.”

“ஓ. இந்த மாதிரி பொம்மைக்குத் தலையத் தனியா வார்த்து ஒட்டுவாங்க. கழுத்துதான் இதுக்குக் கண்டம்.” மீசையை விரலால் துடைத்தார். “ஒட்டறது ஒரு மணி நேர சோலி. கண்ணுதான் கஷ்டமுங்க.”

“பெயிண்டுதானுங்களே?”

“நீங்க பெயிண்டுன்னு சொல்லிக்கலாம். ஒத்தக் கண்ணத் தனியாத் தெறக்கறது எங்க வமிசத்துல இல்லீங்க. இருக்கறதையும் அழிச்சுப்போட்டு, நேரம் பாத்து, ரெண்டையும் ஒட்டுக்கா வெக்கோணும்.” அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இது என்ன சாமிங்க?”

“சாமி இல்லீங்க. பொம்மை.”

“குங்குமம் வெச்ச மொகமாத் தெரியுதே.”

“வெச்சோமுங்க.”

“சூடம் காட்டினீங்களா?”

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.”

“அப்பச் சாமிதானுங்க. தலை போன சாமிய ஆத்துல உட்டரோணும். அதுதான் மொறை. நீங்க ஒட்டிக் கேக்கறீங்க.” கொஞ்சம் யோசித்தார். “சரி. உட்டுட்டுப் போங்க. இன்னிக்கு சாயங்காலம் ஒரு நேரம் இருக்குது. பாக்கறேன்.”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வேணுமுங்க. என்ற பொழப்பே இதுலதான் இருக்குது.”

“எல்லாத்துக்கும் பொழப்பு கண்ணுலதானுங்க இருக்குது,” என்றார் வீரணன்.

பெட்டியிலிருந்து டிங் என்றது. உளி பிடித்திருந்த பட்டறை ஆட்களின் கைகள் ஒரு நொடி நின்றன. பிறகு உளிச்சத்தம் தொடர்ந்தது.

அன்று வீட்டில் சத்தம் இல்லை. மதுமதி வீடு முழுக்கக் கழுவிவிட்டிருந்தாள். சிவபிரகாஷ் சன்னலோரம் டம்ளரைப் பார்த்தார். அதை அவள் குப்பையில் போட்டிருந்தாள்.

*

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வீரணன் பட்டறையில் இல்லை. அவிநாசிப் பக்கம் ஒரு கோயிலில் சிலை நிறுத்தப் போயிருந்தார். போன் அணைந்திருந்தது. அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பீங்கான் அம்மாதானுங்களே? கழுத்து ஒட்டினது?”

“ஆமாங்க.”

உள்ளே போய்ப் பழைய வேட்டியில் சுற்றிய பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் பையோடு நிறுத்திக்கொண்டு கிளம்பினார். பெட்ரோல் பங்கில் பொறுக்க முடியாமல் வேட்டியை விலக்கினார்.

இரண்டு கண்கள் இருந்தன. மீசை இல்லை. கன்னத்தில் கோடு இல்லை. கழுத்தைச் சுற்றி நூல் பிடித்தது போல ஒரு ஒட்டு. தேடினால்தான் தெரியும். வீரணன் வீரணன்தான்.

பிறகு அது கண்ணில் பட்டது.

தலை இடது பக்கம் திரும்பியிருந்தது.

நேராகப் பார்த்துக்கொண்டிருந்த தலை. அவர் வீட்டில் நாலு நாள் அவரை நேராகப் பார்த்த தலை. கோணலாக ஒட்டிவிட்டார்கள். சிவபிரகாஷ் இரண்டு விரலால் லேசாகத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. வீரணனைக் கூப்பிட்டார். அணைந்திருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

வழிநெடுக அவள் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் அவருக்கு ஏதோ தப்புச் செய்கிறோம் என்று இருந்தது.

முதலாளி இன்னும் வரவில்லை. ஹன்னாவை அழைக்கக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். சிவபிரகாஷ் பொம்மையை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முகம் நேராகத் தெரியும்படி உடம்பைத் திருப்பினார். உடம்பு கோணலாக நின்றது. பழையபடி வைத்தார். முகம் சன்னலைப் பார்த்தது.

கதவருகே சென்னம்மாள் நின்றிருந்தாள். கையில் செக்கிங் ஸ்டிக்கர்.

“பாத்தீங்களா,” என்றாள். “அம்மா திரும்பிட்டாங்க.”

கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் செக்கிங், கட்டிங், தையல் ஓடும் பவர்டேபிள் எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

*

பதினொன்றே காலுக்குக் கார் வந்தது. முதலாளி முன்னால் வந்தார். பின்னால் ஹன்னா, ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சட்டை. அவளோடு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் தேஜஸ்ரீ. கடைசியாகப் பெட்டியோடு கன்னையன்.

முதலாளி கதவைத் திறந்தார். பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் பாதிச் சொல்லில் நின்றார்.

சிவபிரகாஷ் தரையைப் பார்த்தார்.

முதலாளி பொம்மையின் கிட்டே போனார். முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். குனிந்து பூக்கூடையின் பின்பக்கம் ஓரத்தில் இருந்த சின்னச் சில்லு பெயர்ந்த ஒரு பழைய இடத்தை விரலால் தொட்டார். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவர் நெற்றியில் வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஷூவைக் கழற்றினார். வெளிநாட்டுப் பையர் முன்னால் அவர் ஷூவைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. சூடம் ஏற்றினார். மூன்று தீக்குச்சி ஆனது. தட்டை எடுத்துக் காட்டினார்.

ஹன்னா இது எதையும் கவனிக்கவில்லை. அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெல்ல ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

“என்னம்மா சொல்றாங்க?” என்று சிவபிரகாஷ் தேஜஸ்ரீயிடம் கேட்டார்.

“அவங்க ஊட்டுச் சன்னல்ல இருந்தப்பவும் இப்படியேதான் எடது பக்கம் கடலப் பாத்துட்டு நிக்குமாங்க. சின்ன வயசுல இவங்க நேராத் திருப்பி வெப்பாங்களாம். காலையில பாத்தா அப்பா மறுபடி கடல் பக்கம் வெச்சிருப்பாராம். இந்த மொகத்த மறக்கவே இல்லியாம். வேற பொம்மையா இருந்தா ஒரே பார்வையில சொல்லீருப்பாங்களாம்.”

முதலாளி கையிலிருந்த தட்டு சரிந்தது. சிவபிரகாஷ் பிடித்துக்கொண்டார்.

தேஜஸ்ரீ தொடர்ந்தாள். “இத்தன வருசம் இவ்வளவு பத்தரமா வெச்சிருக்கறவங்ககிட்டயே ஆர்டர் இருக்கட்டுமாங்க.”

ஹன்னாவை தேஜஸ்ரீ சேம்பிள் அறைக்கு அழைத்துப் போனாள். முதலாளி போகவில்லை. கதவைச் சாத்தினார். கன்னையன் பெட்டியோடு மூலையில் நின்றான்.

“சிவா,” என்றார் முதலாளி. குரல் கீழே இறங்கியிருந்தது. “என்ன பண்ணுன?”

கன், பெராக்சைடு, வாளி, டம்ளர், மீசை எல்லாம் சிவபிரகாஷின் கண்முன் வந்துபோயின. ஆர்டர் தப்பிவிட்டது. வேலையும் தப்பிவிட்டது. இப்போது எதற்கு உண்மை?

“ஒண்ணுமே பண்ணலீங்க. ஈரத்துணியில தொடச்சேன். அவ்வளவுதானுங்க.”

“தொடச்சே.”

“ஆமாங்க.”

“தொடச்சப்ப, இது... இந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சா?”

“முதல்ல நேராத்தானுங்க பாத்துச்சு.” பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்தால் நிற்கும் என்று அவருக்குப் பட்டது. “குங்குமம் போகப் போக, தானாத் திரும்பிருச்சுங்க.”

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“கழுத்துல ஒரு கோடு இருக்குதே.”

“அது மொதல்ல இருந்தே இருந்ததுங்களே.”

முதலாளி வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “மொதல்ல இருந்தே இருந்துச்சு.”

அறையில் சூட வாசனை. வெளியே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். வெள்ளைக்காரம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே, டையிங் யூனிட் புகைக்கூண்டுக்கு அந்தப் பக்கம், நொய்யல் ஆறு இருந்தது.

முதலாளியும் மெல்லத் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்.

“கன்னையா. வண்டிய எடு. ஆத்துக்குப் போகோணும்.”

கன்னையன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“ஆத்துக்கு எதுக்குங்க?” என்றான்.

“நீ அன்னிக்கு எந்த எடத்துல...” முதலாளி சிவபிரகாஷைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சிவா, நீ வெளியில போ. இனிமே அம்மாவத் தொடைக்கறது, பொட்டு வெக்கறது எல்லாம் நீதான். நான் கிட்ட வர மாட்டேன்.”

சிவபிரகாஷ் வெளியே வந்தார். தான் சொன்ன பொய்யை முதலாளி ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார் என்று அவருக்குப் புரியவில்லை. நம்பியதைவிட, அதற்காகக் காத்திருந்தது போல இருந்தது.

செல்போன் அடித்தது. வீரணன்.

“தலை கோணலா இருக்குதுங்களே,” என்று ஆரம்பித்தார் சிவபிரகாஷ்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. எங்கூட்டுக்காரி மாத்திக் குடுத்துட்டா. உங்க ஒத்தக் கண்ணு அம்மா இன்னும் தலை ஒட்டாம இங்கயேதான் இருக்கறாங்க. நீங்க கொண்டுபோனது வேறங்க. போன ஆடியில கன்னையன்னு ஒரு டிரைவரு, தலை ஒடஞ்ச அம்மாவ ஆத்துல உட மொதலாளி சொன்னாரு, எனக்குப் பயமா இருக்குதுன்னு என்ற பட்டறையில வெச்சுட்டுப் போனாரு, நாந்தான் தலைய ஒட்டி வெச்சிருந்தனுங்க.”